வருஷத்துக்கு ஒரு லைட் மாத்தணுமா?

நம்ம காலேஜ்ல மீன் வளர்க்கிற கோஷ்டி கொஞ்சம் பெருசுதான். வார்டன் கண்ணுல படாம ஹாஸ்டல் ரூம்ல ஒரு அடி தொட்டியில கப்பி விட்டிருக்கிறவன்ல இருந்து, வீட்டு ஹால்ல மூணு அடி டேங்க்ல செடி வளர்த்து இன்ஸ்டாவுல போட்டோ போடுறவங்க வரைக்கும் இருக்காங்க. இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சந்தேகம் வருது. "எல்இடி லைட் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் நல்லாத்தான் எரியுது. ஆனா மாத்திடுன்னு கடையில சொல்றாங்க. மாத்தணுமா?"

பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனா "எல்இடி-க்கு ஆயுசு 50,000 மணி நேரம், படிச்சு முடிச்சு கல்யாணம் ஆகுற வரைக்கும் தொட வேண்டியதில்ல" என்று எதிர்ப்பக்கம் நிக்கிறவங்க பேச்சையும் நான் ஏத்துக்க மாட்டேன். ரெண்டு பேருமே லைட்டை அளக்காமல் காலண்டரைப் பார்த்துப் பேசுறாங்க. இன்ஜினியரிங் படிக்கிற நாம அதை நம்பி காசு செலவழிக்கிறதும் சரியில்லை, செடியைப் பட்டினி போடுறதும் சரியில்லை.

முதல்ல இந்த ஒரு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். இது டியூப் லைட் காலத்துப் பாடம். டி8, டி5 குழாய்களை தொட்டி மேல மாட்டியிருந்த காலத்துல, ஆறு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒருமுறை குழாயை மாத்துறது மீன் வளர்க்கிறவங்க வழக்கம். குழாயின் உள்பக்கம் பூசியிருக்கிற பாஸ்பர் பாதரச ஆவிக்குள்ளேயே இருந்து தேயும், முனையில இருக்கிற மின்முனை கருத்துப் போகும், வெளிச்சத்தோட நிறமும் மாறும். அன்னைக்கு அது நியாயமான அறிவுரைதான். எல்இடி வந்ததும் விளக்கு மாறிடுச்சு, அறிவுரை மட்டும் அப்படியே வந்துடுச்சு.

அடுத்தது அட்டைப்பெட்டியில அச்சடிச்சிருக்கிற 50,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் எரிச்சா வருஷத்துக்கு 2,920 மணி. 50,000-ஐ இதால வகுத்தா 17 வருஷம். கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்த எண் எப்படி வருதுன்னு தெரிஞ்சா சந்தோஷம் கொஞ்சம் குறையும். எல்இடி சிப் தயாரிக்கிறவங்க எல்எம்-80 என்ற அமெரிக்க முறைப்படி சிப்பைக் குறைஞ்சது 6,000 மணி நேரம், குறிப்பிட்ட வெப்பநிலைகள்ல எரியவிட்டு வெளிச்சம் எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறாங்க. நம்ம நாட்டுல இதே வேலைக்கு ஐஎஸ் 16105 இருக்கு. அந்த டேட்டாவை வச்சு டிஎம்-21 என்ற கணக்குல எதிர்காலத்தை நீட்டிப் பார்க்கிறாங்க. எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு: அதிகபட்சம் சோதிச்ச நேரத்தைப் போல ஆறு மடங்கு. 6,000 மணி நேரம் சோதிச்சவர் 36,000 வரைக்கும்தான் பேசலாம். 50,000-ன்னு போடணும்னா 8,300 மணிக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட ஒரு வருஷம் இடைவிடாம எரிச்சுப் பார்த்திருக்கணும். ஆயிரம் ரூபாய்க்கு விக்கிற பேர் தெரியாத லைட்டுக்குப் பின்னால அந்த டேட்டா இருக்கான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்படியே இருந்தாலும் அது சிப்போட ஆயுசு, லைட்டோட ஆயுசு இல்லை. சிப், அதை ஒட்டியிருக்கிற அலுமினியம் பலகை, சால்டரிங், டிரைவர், மேல மூடியிருக்கிற கவர், கனெக்டர், சுவிட்ச் எல்லாம் சேர்ந்ததுதான் லைட். இதுல எது முதல்ல போகுதோ அதுதான் அந்த லைட்டோட உண்மையான வயசு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. 50,000 மணி என்பது அணைஞ்சு போற நேரம் கிடையாது. வெளிச்சம் 70 சதவீதமா இறங்குற நேரம். இதை எல்70-ன்னு சொல்வாங்க. ஏன் 70? பொது வெளிச்சத்துல 30 சதவீதம் வரைக்கும் மெதுவா குறைஞ்சா மனுஷக் கண்ணு கண்டுபிடிக்காது என்ற கணக்குதான். நம்ம கண்ணு வெளிச்சத்தை நேர்கோட்டுல பார்க்கிறதில்ல, கிட்டத்தட்ட மடக்கை அளவுலதான் பார்க்கும். மொட்டை மாடி வெயில்ல இருந்து ரூமுக்குள்ள வந்தா வெளிச்சம் நூறு மடங்கு குறைஞ்சிருக்கும், ரெண்டு நிமிஷத்துல பழகிடும். தொட்டியில இருக்கிற செடிக்கு இந்த வசதி இல்லை. வெளிச்சம் குறைவா இருக்கிற இடத்துல, விழுற போட்டான் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரிதான் ஒளிச்சேர்க்கை நடக்கும். 30 சதவீதம் குறைஞ்சா அதோட சாப்பாட்டுல கிட்டத்தட்ட 30 சதவீதம் போச்சு. எல்70 என்ற கோடு மனுஷனுக்காகப் போட்டது. அதை வச்சு செடிக்கு லைட் மாத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது, என் செருப்பு சைஸை வச்சு உங்களுக்கு ஷூ வாங்குற மாதிரி.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தென்காசி, குற்றாலம் பக்கம் எல்இடி லைட்டுக்கு ரெண்டு எதிரி. ஏப்ரல், மே வெயில் ஒண்ணு, ஜூன்ல ஆரம்பிக்கிற சாரல் இன்னொண்ணு.

வெயில் விஷயம் எல்லாருக்கும் புரியும். எல்இடி-யில சூடு இல்லைன்னு பலர் நினைக்கிறாங்க. வெளிச்சத்தோட சேர்ந்து சூடு முன்பக்கமா வராது, அவ்வளவுதான். சாதாரண லைட்டுல உள்ளே போற மின்சாரத்துல பாதிக்கு மேல பின்பக்கமா சூடாத்தான் வெளியேறுது. ரூமே 36 டிகிரியில இருந்தா அந்தச் சூடு எங்கே போகும்? மேல மரப்பெட்டி மாதிரி மூடி போட்டு, அதுக்குள்ள லைட்டைத் திணிச்சு வச்சிருந்தா இன்னும் மோசம்.

சாரல் கொஞ்சம் நுணுக்கமா வேலை பார்க்கும். லைட் எரியும்போது உள்ளே இருக்கிற காத்து சூடாகி விரிஞ்சு, கவர் ஓரத்துல இருக்கிற நூல் அளவு இடைவெளி வழியா வெளியே போகும். ராத்திரி அணைச்சதும் உள்ளே குளிர்ந்து, வெளிக்காத்தை உறிஞ்சும். தொட்டிக்கு மேல இருக்கிற காத்து ஈரக்காத்து. சீசன் நேரத்துல செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்துலயும் ஈரம் நிறைஞ்சிருக்கும். தினம் ஒருமுறை இப்படி மூச்சு விட்டு மூச்சு வாங்கினா, மூணு மாசத்துல உள்ளே பனித்துளி மாதிரி நிக்கும். அப்புறம் சால்டரிங்ல பச்சை பூக்கும். பெட்டியில ஐபி67-ன்னு போட்டிருக்கேன்னு கேட்பீங்க. அது ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் முக்கி எடுத்துப் பார்க்கிற சோதனை. வருஷக்கணக்கா ஈரக்காத்தை உறிஞ்சுறதை அது சோதிக்கிறதில்ல. மெயின் அருவியில ராத்திரி குளிக்கிறவங்களுக்காக எரியிற பெரிய விளக்குகளைப் பார்த்திருப்பீங்க. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே நிக்கிற விளக்குக்கு கேஸ்கெட்டு, கனமான கூடு எல்லாம் போட்டுத்தான் செய்வாங்க. நம்ம தொட்டி லைட்டும் கிட்டத்தட்ட அதே ஈரத்துலதான் இருக்கு. ஆனா மெல்லிசு பிளாஸ்டிக் கவர், ரெண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான் அதுக்குப் பாதுகாப்பு.

சரி, உள்ளே எது எப்படி வயசாகுது? நாம வாங்குற வெள்ளை எல்இடி உண்மையில ஒரு நீல சிப். அந்த நீலத்தைக் கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் கிடைச்சது நமக்கெல்லாம் பிசிக்ஸ்ல வந்த கதைதான். நீலத்து மேல மஞ்சள் பாஸ்பர் பூசினா வெள்ளை. சூட்டுல சிப்புக்குள்ள குறைபாடுகள் பெருகும், வெளிச்சமா மாற வேண்டியது சூடா மாறும். மேல இருக்கிற சிலிக்கான் பசை மஞ்சளாகும். ஆர்ஜிபி லைட்டா இருந்தா சிவப்பைக் கவனிங்க. சிவப்பு சிப் வேற பொருள்ல செய்தது, சூடு ஏறினா நீலத்தை விட வேகமா மங்கும். "வாங்கினப்போ மீன் கலர் பளிச்சுன்னு இருந்துச்சு, இப்போ ஒரு மாதிரி வெளிறிப் போச்சு"ன்னு சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

ஆனா லைட்டு சட்டுன்னு சாகுறதுக்கு பெரும்பாலும் சிப் காரணமா இருக்காது. டிரைவர்தான் காரணமா இருக்கும். அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டுல மெதுவா காஞ்சு போகும். அது மேல 105 டிகிரி, 2,000 மணி-ன்னு எழுதியிருக்கும். பத்து டிகிரி குறைஞ்சா ஆயுசு இரட்டிப்பு என்ற விதியை எலக்ட்ரானிக்ஸ் கிளாஸ்ல கேட்டிருப்பீங்க. கணக்குப் போடுங்க: கெப்பாசிட்டர் 65 டிகிரியில இருந்தா 32,000 மணி. மூடின பெட்டிக்குள்ள 85 டிகிரியில வெந்தா 8,000 மணி. தினம் 8 மணி நேரத்துக்கு அது மூணு வருஷம்கூட வராது. சிப் 17 வருஷம், கெப்பாசிட்டர் மூணு வருஷம். இப்போ சொல்லுங்க, லைட்டை மாத்தணுமா, கெப்பாசிட்டரை மாத்தணுமா?

இதெல்லாம் விட சாதாரண காரணம் அழுக்கு. தெறிச்ச தண்ணி காஞ்சு உப்புப் படிஞ்சு, அது மேல தூசி ஒட்டி, ஓரத்துல பாசி வேற. போர் தண்ணி ஊத்துற வீடுகள்ல கவர் மேல வெள்ளையா ஒரு படலமே நிக்கும். வினிகரைத் துணியில நனைச்சுத் துடைச்சு, நல்ல தண்ணியில இன்னொரு முறை துடைச்சுப் பாருங்க. லைட் பழசாயிடுச்சுன்னு நினைச்சதுல பாதி அங்கேயே தீர்ந்துடும். தொட்டிக்கு கண்ணாடி மூடி இருந்தா அதையும் சேர்த்துத் துடைக்கணும். அதை எல்லாரும் மறந்துடுறாங்க.

இனி அளக்கிறது. இதுக்கு பார் மீட்டர் என்ற கருவி இருக்கு, விலை நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது. போன்ல இருக்கிற லக்ஸ் ஆப் போதும். "அது துல்லியம் இல்லையே"ன்னு உடனே ஒருத்தர் வருவார். துல்லியம் இல்லைதான். லக்ஸ் என்பதே மனுஷக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பு கொடுத்து நீலத்தையும் சிவப்பையும் குறைச்சு எண்ணும். ஆனா நமக்கு வேண்டியது செடிக்கு எத்தனை போட்டான் என்பது இல்லை. இதே லைட் போன வருஷத்தை விட எத்தனை சதவீதம் குறைஞ்சிருக்கு என்பதுதான். அதே போன், அதே லைட், அதே தூரம்னா அந்த விகிதம் உருப்படியாத்தான் வரும்.

நான் செய்யிற முறை இது. ஒரு பழைய ஷூ டப்பா. மூடியில லைட்டை வைக்கிற அளவுக்கு நீளமா ஒரு வெட்டு. அடியில போனை வைக்கிற இடத்தை ஸ்கெட்சால வரைஞ்சிருக்கேன், சென்சார் எப்பவும் ஒரே இடத்துல வரணும் என்பதற்காக. பக்கத்துல எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை. ராத்திரி, ரூம் லைட்டை அணைச்சுட்டு, கவரைத் துடைச்சுட்டு, லைட்டை அரை மணி நேரம் எரியவிட்டு அப்புறம்தான் எண்ணை எழுதணும். எல்இடி சூடாக ஆக வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், போட்ட உடனே அளந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வரும். ஆர்ஜிபி லைட்டுல கலரைத் தனித்தனியா எரிக்க முடியும்னா, ஒவ்வொண்ணையும் தனியா அளந்து எழுதி வைங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை போதும். தேதியும் எண்ணும் லைட்டோட முதுகிலேயே மார்க்கர்ல எழுதிட்டா தொலையாது.

வாங்கின அன்னைக்கு அளக்கலையா? அதே மாடல் புதுசு நண்பன்கிட்ட இருக்கும், இல்லைன்னா கடையில கேட்டா ஒரு நிமிஷம் எரிச்சுக் காட்டுவாங்க. ரெண்டையும் போட்ட ஒரு நிமிஷத்துக்குள்ள அளந்து ஒப்பிட்டா தோராயமா தெரிஞ்சுடும்.

கூடவே இன்னொரு அளவும் எடுங்க, நோய் எதுன்னு அதுதான் காட்டும். 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற லைட்டா இருந்தா மல்டிமீட்டரை தொடர்ல போட்டு கரண்டைப் பாருங்க. கரண்டும் குறைஞ்சு வெளிச்சமும் குறைஞ்சிருந்தா அடாப்டர் அல்லது டிரைவர் மேல சந்தேகப்படலாம். கரண்ட் பழையபடியே இருந்து வெளிச்சம் மட்டும் குறைஞ்சிருந்தா சிப் அல்லது கவர். அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா பெரும்பாலும் கனெக்டர், சால்டரிங். நேரா 230 வோல்ட்ல ஓடுற லைட்டை ரூம்ல வச்சுத் திறக்காதீங்க மக்கா. அது லேப் வேலை, அதுவும் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கும்போது. எந்த லைட்டா இருந்தாலும் வயர் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கிட்டுத்தான் மேலே ஏறணும். வயர் வழியா வர்ற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், சாக்கெட்டுக்குள்ள போகாது.

எப்போ மாத்துறது என்பதுல என் முடிவு தொட்டியைப் பொறுத்தது. மீன் மட்டும் இருக்கிற தொட்டியா? அப்போ நீங்க பார்க்கிறதுக்குத்தான் லைட். பாதியா குறைஞ்சாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா நம்ம ஓடைகள்ல இருக்கிற மீன்கள் மர நிழல்ல பழகினவை. நம்ம சிற்றாறு போய்ச் சேர்ற தாமிரபரணியோட பேரையே அறிவியல் பெயர்ல வச்சிருக்கிற ஒரு கெண்டை வகை உண்டு, டாகின்சியா தாம்பிரபர்ணியை. அந்த மாதிரி மீனுக்கு மங்கலா இருந்தா நல்லதுதான். அதுக்காக வருஷா வருஷம் ஆயிரம், ரெண்டாயிரம் செலவழிக்கிறது வீண்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வச்சிருந்தாலும் அவசரம் இல்லை. லைட்டை கொஞ்சம் கீழே இறக்கலாம், ஒரு மணி நேரம் கூட எரிக்கலாம். சிவப்பு ரொட்டாலா, தரையில படர்ற மான்டி கார்லோ மாதிரி வெளிச்சம் கேக்குற செடின்னா கதை வேற. அங்கே நான் 80 சதவீதத்துலயே யோசிக்க ஆரம்பிப்பேன், 70 வந்தா மாத்திடுவேன். எண் இல்லாமலேயே சில அறிகுறி தெரியும்: கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு செடி மேல் நோக்கி ஓடுறது, அடி இலை உதிர்றது, சிவப்பு செடி பச்சையாகுறது. உரமும் கார்பன் டை ஆக்சைடும் பழையபடியே இருந்து இது நடந்தா லைட்டைச் சந்தேகப்படுறதுல நியாயம் இருக்கு. ஒரு சிப் வரிசையே அணைஞ்சிருந்தாலோ, கவருக்குள்ள தண்ணி நின்னாலோ எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே பிளக்கைப் புடுங்குங்க.

பாசி வந்தா லைட்டு பழசாயிடுச்சுன்னு அர்த்தம் என்று ஒரு கதை சுத்துது. இதுவும் டியூப் லைட் காலத்து மிச்சம்தான். பாசிக்கு காரணம் பெரும்பாலும் மீனுக்குப் போடுற அளவு மீறின தீனி, பத்து பன்னிரண்டு மணி நேரம் எரிக்கிறது, இல்லைன்னா ஜன்னல் வழியா விழுற வெயில். புது லைட் வாங்கி மாட்டினா பாசிக்குத்தான் விருந்து.

டிரைவர் மட்டும் போயிருந்தா முழு லைட்டையும் குப்பையில போடுறதை என்னால ஏத்துக்க முடியலை. நம்ம பசங்களுக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். 12 வோல்ட் அடாப்டர்னா அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், பிளஸ் மைனஸ் சரியா இருந்தா வேற அடாப்டர் போட்டுக்கலாம். கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர்னா மில்லிஆம்பியர் அப்படியே பொருந்தணும், கூடினா சிப் போயிடும். திறக்கவே முடியாம பசை ஊத்தி ஒட்டின லைட்டுகளைத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. தண்ணி புகாமல் இருக்கத்தான் ஒட்டுறோம்னு சொல்றாங்க. பாதி உண்மை. ஆனா டிரைவரை லைட்டுக்கு வெளியே, வயர்ல தனியா வச்சிருந்தா ஈரமும் போகாது, சூடும் ஏறாது, மாத்தவும் முடியும். அப்படி வர்ற லைட்டுகளும் கடையில இருக்கு, விலையில பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால அடுத்த தடவை வாங்கும்போது 50,000 மணியைப் படிக்கிறதை விட்டுட்டு, டிரைவர் வெளியே இருக்கா, பின்பக்கம் அலுமினியமா பிளாஸ்டிக்கா, டிம்மர் இருக்கான்னு கேளுங்க. டிம்மர் இருந்தா தேவைக்கு கொஞ்சம் பெருசா வாங்கி முதல் வருஷம் 60, 70 சதவீதத்துல ஓட்டலாம். கரண்ட் குறைஞ்சா சூடு குறையும், ஆயுசு கூடும். பின்னாடி மங்கும்போது குமிழைக் கொஞ்சம் திருப்பினா போதும். கடையை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி ஆப்பைத் திறந்து, முதல் எண்ணை அங்கேயே எடுத்துக்கோங்க.